இருமொழி கற்ற கவிஞர் சிற்பி

முன்னுரை

கவிஞர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் பெரும்பாலும் காலத்தால் நமக்கு முற்பட்டவர்களே. வள்ளுவர், இளங்கோ, கம்பர் எனத் தொடங்கிப் பாரதியார், பாரதிதாசன் என்று முடித்துவிடுகிறோம். தேர்வுக்கு உரிய செய்யுட்பகுதியும் ஏறத்தாழ அங்கேயே நின்றுவிடுகிறது. நம் காலத்துக் கவிஞர்கள் எங்கே பிறந்தார்கள், எங்கே படித்தார்கள், எதற்காக எழுதினார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. இக்கட்டுரை நம் காலத்துக் கவிஞர் ஒருவரைப் பற்றியது. அவர் நாம் வாழும் இந்த அண்ணாமலை நகரில் மாணவராக இருந்து தமிழ் கற்றவர் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும் செய்தி. அவர்தாம் கவிஞர் சிற்பி பாலசுப்பிரமணியம்.

"பாடமெல்லாம் ஆங்கிலத்தில் படிக்கிறோம், தமிழ்தானே, பரீட்சைக்கு முதல் நாள் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாணவியர் சிலர் கூறுவதுண்டு. "வேறு மொழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் எப்படி வரும்?" என்று பெற்றோர் சிலர் கவலைப்படுவதும் உண்டு. இவ்விரு கூற்றுக்கும் சிற்பியின் வாழ்க்கை நல்லதொரு விடை தருகிறது. பள்ளிப் பருவத்தில் பிறிதொரு மொழியில் பயின்ற சிறுவன், பின்னாளில் தமிழ்ப் பேராசிரியராகவும் தமிழ்க் கவிஞராகவும் உயர்ந்தது எவ்வாறு என்பதைக் காண்போம்.

ஆற்றங்கரைச் சிற்றூர்

கோவை மாவட்டத்தில் பொள்ளாச்சிக்கு அருகே ஆத்துப்பொள்ளாச்சி என்றொரு சிற்றூர் உள்ளது. பெயரிலேயே ஆறு இருக்கிறது. ஆனைமலையில் பிறந்து வரும் ஆழியாறு அவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. அங்கே 1936ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் பாலசுப்பிரமணியம் பிறந்தார். 'சிற்பி' என்பது அவர் பின்னாளில் பூண்ட புனைபெயர். கல்லிலே உருவம் செதுக்குவோனைப்போலச் சொல்லிலே உருவம் செதுக்குவோனும் சிற்பிதானே!

ஆத்துப்பொள்ளாச்சியிலிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் கேரளம் வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வணிகரும் உழவரும் இரு பக்கமும் போய்வருவது நெடுங்கால வழக்கம். அவர் பிறந்த காலத்தில் பாலக்காடும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில்தான் அடங்கியிருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதே இன்றைய எல்லை உண்டாயிற்று. எனவே அப்பகுதிப் பிள்ளைகள் மேற்கே சென்று படிப்பது புதுமையன்று. பாலசுப்பிரமணியமும் பள்ளிப் பருவத்தில் இன்றைய கேரளப் பகுதியில் மலையாள வழியில் பயின்றார். வீட்டிலே கொங்குத் தமிழ், பள்ளியிலே மலையாளம். இரண்டு எழுத்து, இரண்டு இலக்கணம், இரண்டு இலக்கியம் என்று அந்த இளம் உள்ளம் பழகியது.

இங்கே அந்த ஆற்றின் போக்கையும் நாம் கவனித்தல் வேண்டும். ஆழியாறு தமிழ்நாட்டில் தோன்றி, பொள்ளாச்சிப் பகுதியை வளப்படுத்தி, கேரளத்துக்குள் நுழைந்து, சித்தூர்ப் புழை என்றும் கண்ணாடிப் புழை என்றும் வழங்கும் ஆற்றோடு கலந்து, பின் பாரதப்புழை என்னும் பேராற்றில் சேர்ந்து, பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. இடையிலே மாநில எல்லை வருகிறது, மொழி மாறுகிறது, ஆற்றின் பெயரும் மாறுகிறது. தண்ணீர் மட்டும் மாறுவதில்லை. இவ்வாற்றங்கரையில் பிறந்த சிறுவன் பின்னாளில் இரு மொழிகளுக்கும் இடையே பாலமாக விளங்கியது பொருத்தமே.

அண்ணாமலை நகரில்

1950களில் பாலசுப்பிரமணியம் உயர்கல்விக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். எடுத்துக்கொண்ட பாடம் தமிழ் இலக்கியம். பள்ளியில் மலையாள வழியில் படித்த ஒருவர் கல்லூரியில் தமிழையே தம் பாடமாக ஏற்பது எளிய முடிவன்று. தொல்காப்பியத்தையும் சங்க இலக்கியத்தையும் ஊன்றிக் கற்க வேண்டும். உரைகளோடு போராட வேண்டும். அதற்கு அவர் அஞ்சவில்லை.

அதற்கேற்ற இடமும் அவருக்கு வாய்த்தது. 1929இல் அரசர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய இப்பல்கலைக்கழகம் தொடக்கம் முதலே தமிழுக்குத் தாயகமாக விளங்கியது. 1931இல் இங்குத் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் இலங்கையின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த விபுலானந்த அடிகளார். அறிவியல் பட்டம் பெற்று, பிறகு தமிழுக்கும் இசைக்கும் தம்மை ஒப்படைத்தவர் அவர். 'யாழ்நூல்' என்னும் அவருடைய அரிய ஆராய்ச்சி நூல் 1947இல் வெளிவந்தது. பாரதியாரை வெறும் நாட்டுப் பாடகர் என்று பலர் எண்ணிய காலத்தில், கற்றோர் அவையில் பாரதியின் கவிதைக்கு மதிப்புத் தேடித் தந்தவர்களுள் அவரும் ஒருவர்.

கத்தோலிக்கப் பள்ளியில் பயிலும் நாம் மறக்கலாகாத இன்னொரு பெயரும் இங்குண்டு. அதுவே தவத்திரு தனிநாயக அடிகளார். 1913இல் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்து, ஆங்கிலத்தில் பயின்று, உரோமையில் குருத்துவக் கல்வி பெற்ற அவர், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, முப்பது வயதையொட்டியே தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும், அதன்பின் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டிற்கு வித்திட்டவர் அவரே. பிற மொழிகளை நன்கு அறிந்திருந்தமையால்தான் தமிழின் பெருமையை உலகுக்கு அவர் எடுத்துரைக்க முடிந்தது.

ஆக, வேறு மொழியில் பயின்று வந்து, இம்மண்ணில் தமிழைத் தேடிக் கற்றவர் சிற்பி ஒருவர் மட்டும் அல்லர். பிற மொழி அறிவு தமிழுக்குத் தடையன்று. ஆர்வமின்மையே தடை என்பதை இவர்கள் காட்டிச் சென்றனர்.

ஆசிரியப் பணி

படிப்பு முடிந்ததும் 1958இல் பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். தம் சொந்த ஊருக்கு அருகிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். 1989 முதல் 1997 வரை கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பகலிலே வகுப்பும் விடைத்தாளும், இரவிலே கவிதையும் கட்டுரையுமாக அவர் வாழ்வு சென்றது. எழுத்தாளர் ஆவதற்கு ஊரை விட்டுப் பெருநகரம் போயே தீர வேண்டும் என்பதில்லை என்பதற்கும் அவர் சான்று.

மரபிலிருந்து புதுமைக்கு

அவருடைய முதற் கவிதைத் தொகுதி 'நிலவுப் பூ' 1963இல் வெளிவந்தது. தொடக்கத்தில் அவர் மரபுக் கவிதையே எழுதினார். மரபுக் கவிதை என்பது அசை, சீர், தளை, அடி, எதுகை, மோனை என்னும் யாப்பு உறுப்புகளுக்கு உட்பட்டது. நாம் இலக்கண வகுப்பில் வெண்பாவை அலகிட்டுப் பார்க்கிறோமே, அந்த இலக்கணமே அது.

தமிழில் யாப்பை விட்டு எழுதும் முயற்சியைப் பாரதியார் தம் வசன கவிதைகளால் தொடங்கிவைத்தார். ந. பிச்சமூர்த்தி அதனைத் தொடர்ந்தார். 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' என்னும் ஏடு அதற்குக் களம் அமைத்தது. இவ்வாறு வளர்ந்த வடிவத்தையே புதுக்கவிதை என்கிறோம். சிற்பியும் காலப்போக்கில் புதுக்கவிதைக்கு வந்தார். 'ஒளிப்பறவை', 'சர்ப்ப யாகம்', 'மௌன மயக்கங்கள்', 'சூரிய நிழல்', 'இறகு' முதலியன அவருடைய பிற தொகுதிகள்.

இங்கே இளம் கவிஞராக விரும்பும் மாணவியர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். உரைநடையை நான்காக உடைத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் அது புதுக்கவிதை ஆகிவிடாது. சிற்பி யாப்பைக் கற்றுத் தேர்ந்த பின்னரே அதனை விட்டு வெளியே வந்தார். ஓசையை அறிந்தவருக்கே எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை விலக்க வேண்டும் என்பது தெரியும். கோலம் போடத் தெரிந்தவள்தான் புள்ளியில்லாமலும் கோலம் போட முடியும்.

வானம்பாடி இயக்கம்

1971இல் கோவையில் 'வானம்பாடி' என்னும் கவிதை ஏடு தோன்றியது. அதனைச் சுற்றி ஒரு கவிஞர் கூட்டம் திரண்டது. புவியரசு, ஞானி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், சக்திக்கனல், மு. மேத்தா, தமிழ்நாடன் முதலியோர் அதில் இருந்தனர். சிற்பியும் அவ்வியக்கத்தின் தூண்களுள் ஒருவர். 'விலையிலாக் கவிமடல்' என்பது அவ்வேட்டின் அடைமொழி. பெயருக்கேற்பக் கவிதையைக் காசுக்கு விற்காமல் வழங்கினார்கள்.

'எழுத்து' வழிவந்த கவிதைகள் பெரும்பாலும் தனிமனிதனின் அகத்தை நோக்கின. வானம்பாடிகள் சமூகத்தை நோக்கினர். வறுமை, வேலையின்மை, சாதிக் கொடுமை, உழைப்பவர் துயரம் ஆகியவற்றை உரத்த குரலில் பாடினர். புதுக்கவிதை கற்றோர் சிலரின் ஏடுகளிலிருந்து இறங்கிக் கல்லூரி மாணவர் கைகளுக்கு வந்தது இவர்களால்தான். அதே வேளையில், இவர்கள் கவிதையில் முழக்கம் மிகுதி, உருவகம் மிகுதி என்று திறனாய்வாளர்கள் குறை கூறியதும் உண்டு. இரு கருத்தையும் அறிந்து, கவிதைகளைப் படித்துப் பார்த்து, நாமே ஒரு முடிவுக்கு வருவதுதான் இலக்கியம் கற்கும் முறை.

காலம் இரு சாராரையும் மதித்தது. 2001ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது மறைந்த சி. சு. செல்லப்பாவின் நூலுக்கும், அடுத்த ஆண்டு விருது சிற்பியின் நூலுக்கும் அளிக்கப்பட்டன.

இரண்டு மகாகவிகள்

பள்ளியில் கற்ற மலையாளத்தைச் சிற்பி மறந்துவிடவில்லை. தமிழ்ப் பாரதியையும் மலையாள மகாகவி வள்ளத்தோளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1878இல் பிறந்து 1958இல் மறைந்த வள்ளத்தோள் நாராயண மேனன், இளமை கடந்ததும் செவிப்புலனை இழந்தவர். ஆயினும் மனம் தளராமல் கவிதை பாடினார். 1930இல் கேரள கலாமண்டலத்தை நிறுவிக் கதகளிக் கலைக்குப் புத்துயிர் அளித்தார். அக்கலைக்கூடம் அமைந்த செறுதுருத்தி என்னும் ஊர் பாரதப்புழையின் கரையில் உள்ளது. ஆத்துப்பொள்ளாச்சியைத் தொட்டுச் சென்ற ஆழியாற்று நீர் போய்ச் சேரும் அதே பாரதப்புழைதான்!

ஒப்பாய்வு என்றால் என்னவென்று விளங்க நாம் ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். வள்ளத்தோள் 'மக்தலன மரியம்' என்ற பெயரில் ஒரு கவிதை நூல் இயற்றினார். பாவியெனப்பட்ட பெண்ணொருத்தி மனம் வருந்தி ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் கழுவிய நற்செய்திக் காட்சியே அதன் பொருள். பாரதியாரும் இயேசு பெருமான்மேல் பாடிய பாடலில் மரியா மக்தலேனாவைப் போற்றுகிறார். இருவரும் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் இருவர் உள்ளத்தையும் அந்த அன்பு தொட்டது. ஒருவர் அதனைக் கதையாக விரித்தார். மற்றவர் சில வரிகளில் தத்துவமாகச் சுருக்கினார். பொருள் ஒன்று, பார்வை இரண்டு. இவ்வாறு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இரு கவிஞரும் முன்னினும் நன்றாக விளங்குகிறார்கள். ஒரு மொழி மட்டும் அறிந்தவருக்கு இந்த இன்பம் கிடைப்பதரிது.

அக்கினி சாட்சி

சிற்பியின் மொழிபெயர்ப்புகளுள் மாணவியராகிய நீங்கள் சிறப்பாக அறிய வேண்டியது 'அக்கினி சாட்சி'. மலையாளத்தில் இதனை எழுதியவர் லலிதாம்பிகா அந்தர்ஜனம் என்னும் அம்மையார் (1909-1987). 'அந்தர்ஜனம்' என்ற சொல்லுக்கு 'உள்ளே இருப்பவர்' என்பது பொருள். அக்காலத்து நம்பூதிரிக் குடும்பப் பெண்களுக்கு வழங்கிய பெயர் அது. பெண் பருவம் எய்தியதும் வெளியுலகம் அவளுக்கு மூடிவிடும். ஓலைக்குடையும் போர்வையும் துணையாகவே வெளியே அடி வைக்க முடியும். லலிதாம்பிகா பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர், வீட்டிலேயே கற்றவர். அடுப்படி வேலைகளுக்கும் குழந்தைகளுக்கும் இடையே கதைகள் எழுதினார். இந்நாவலை 1976இல் வெளியிட்டபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது.

கதையின் நாயகி அறிவும் உணர்வும் மிக்க இளம்பெண். வைதிக ஒழுக்கமே வாழ்வெனக் கொண்ட ஒருவருக்கு வாழ்க்கைப்படுகிறாள். கணவர் கொடியவர் அல்லர், நல்லவரே. ஆயினும் அந்த வீட்டின் கட்டுப்பாடு அவளை மூச்சுத் திணறச் செய்கிறது. படிகளைத் தாண்டி வெளியேறுகிறாள், நாட்டு விடுதலைப் பணியில் ஈடுபடுகிறாள், முடிவில் துறவியாகிறாள். யார்மீதும் வெறுப்பு ஊட்டாமல், ஒரு காலத்துப் பெண்களின் துயரத்தை உள்ளிருந்தே சொன்ன நூல் இது.

இத்தகைய துயரம் ஒரு நாட்டுக்கோ ஒரு குலத்துக்கோ மட்டும் உரியதன்று. "வயதுக்கு வந்துவிட்டாள், இனிப் படிப்பு எதற்கு?" என்ற பேச்சு நம் பாட்டிமார் காலத்தில் இப்பக்கத்து வீடுகளிலும் ஒலித்ததுதான். உங்கள் பாட்டியிடம் எந்த வகுப்போடு பள்ளி நின்றது என்று கேட்டுப் பாருங்கள். அந்த நாவலின் பொருள் உடனே விளங்கும். அடுத்த மாநிலத்துப் பெண்ணின் குரல் நம் வீட்டுப் பெண்ணின் குரலாகத் தமிழில் நமக்குக் கேட்கிறதென்றால், அது மொழிபெயர்ப்பாளர் செய்த தொண்டு. இம்மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது.

ஒரு கிராமத்து நதி

2002ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதை அவருக்குப் பெற்றுத் தந்த கவிதை நூல் 'ஒரு கிராமத்து நதி'. படைப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆக இருமுறை அகாதெமியின் சிறப்பைப் பெற்ற மிகச் சிலருள் இவரும் ஒருவரானார். 2022இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. தாம் பெற்ற சிறப்போடு நின்றுவிடாமல், தம் பெயரில் அமைந்த அறக்கட்டளை வழியே பிற கவிஞர்களுக்கும் விருது வழங்கிவருவது அவர்தம் பெருந்தன்மை.

அந்நூலின் பொருள் என்ன? பேரரசர் வரலாறா? வானுலகக் கற்பனையா? இரண்டும் இல்லை. தம் ஊர், அதன் ஆறு, அங்கே வாழ்ந்த எளிய மனிதர்கள் ஆகியோரே பாடுபொருள். உலகத்துக் கவிதைகளைப் படித்த பேராசிரியர், அறுபது வயதையொட்டித் தம் ஊர் ஆற்றங்கரைக்கே திரும்பி வந்து அமர்ந்தார். ஊரின் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிற இளைஞர் பலரை நாம் காண்கிறோம். "எந்த ஊர்?" என்று கேட்டால் பக்கத்து நகரத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். சிற்பியோ தம் சிற்றூரை நாடறியச் செய்தார்.

நாம் கற்க வேண்டுவன

இவ்வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ள வேண்டிய கருத்து ஒன்றே. பிற மொழியைக் கற்பதால் தாய்மொழி தேய்வதில்லை. தாய்மொழியைப் புறக்கணிப்பதால்தான் தேய்கிறது. சிற்பி மலையாளத்தை நன்றாகக் கற்றார். அதைக் கொண்டுவந்து தமிழுக்குக் கொடுத்தார். நாம் ஆங்கிலத்தை நன்றாகக் கற்போம்; அதில் காணும் நல்லவற்றைத் தமிழுக்குக் கொண்டுவருவோம். அதற்குத் தமிழும் நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு கரை மட்டும் இருந்தால் பாலம் கட்ட முடியாது.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எந்த மொழியில் படித்தாலும் வீட்டிலே தமிழ் பேசுங்கள்; நாள்தோறும் அரைமணி நேரமாவது தமிழ் நூல் ஒன்றைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுவன் பாலசுப்பிரமணியத்துக்கு வீட்டுத் தமிழ் இருந்தது. பல்கலைக்கழகம் அதன்மேல்தான் கட்டிடம் எழுப்பியது.

முடிவுரை

நமக்கும் ஆறுகள் உண்டு. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் ஓடுகின்றன. ஊரைத் தொட்டுக் கான்சாகிப் வாய்க்காலும் பாசிமுத்தான் ஓடையும் செல்கின்றன. கடலூரிலிருந்து வரும் மாணவியர்க்குக் கெடிலமும் தென்பெண்ணையும் உண்டு. கெடிலத்தின் கரைக்கு நாவுக்கரசர் பாட்டு உண்டு. கடலூர் மண்ணில் பிறந்த புதுமைப்பித்தனும் செயகாந்தனும் சிறுகதைக்குப் பெருமை சேர்த்தனர். ஆயினும் உங்கள் தெருவையும், உங்கள் வாய்க்காலையும், அதில் துணி துவைக்கும் அத்தைமாரையும், வெள்ளம் வந்தபோது ஊர் பட்ட பாட்டையும் எழுதுவதற்கு உங்களைவிடத் தகுதியுடையவர் யார்? எழுதத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு மலரில் உங்கள் ஆற்றைப் பற்றி நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம்.

பயிற்சி

1. ஆழியாறு தோன்றுமிடம் முதல் கடலில் கலக்குமிடம் வரை அதன் போக்கை நிலப்படத்தில் குறித்துக் காட்டுக.
2. மரபுக் கவிதைக்கும் புதுக்கவிதைக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.
3. 'எழுத்து' கவிஞர்களும் 'வானம்பாடி' கவிஞர்களும் எவ்வகையில் வேறுபட்டனர்?
4. 'அந்தர்ஜனம்' என்பதன் பொருள் யாது? உங்கள் பாட்டியின் பள்ளி வாழ்வைக் கேட்டறிந்து ஒரு பக்கம் எழுதுக.
5. நீங்கள் படித்த ஆங்கிலக் கதை ஒன்றை உங்கள் தங்கைக்குச் சொல்வதுபோல் எளிய தமிழில் எழுதுக.